சரிங்கண்ணா

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு ஜீப்தான். அதை ஓட்டியவர் வாயில் நல்ல வார்த்தை வராது. புதூர்நாட்டு மலையிலிருந்து எங்களைத் திருப்பத்தூருக்கு ஏற்றிப்போவது ஏதோ தர்ம காரியம் என்பதுபோல் பேசுவார். அம்மாவைக் கண்டால் இளக்காரம் இன்னும் கூடும். மூட்டையோடு ஏறினால் வண்டியெல்லாம் சாமை சிந்துகிறது என்பார். மூட்டை இல்லாமல் ஏறினால் கையை வீசிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்பார். எதற்கும் அம்மாவின் பதில் ஒன்றுதான்.

"சரிங்கண்ணா."

அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். வீட்டுக்கு வந்ததும், ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று சண்டை போடுவேன். அவர் குணமே அப்படி என்று சொல்லிவிட்டு அம்மா புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிடுவாள்.

சித்தி அப்படியில்லை. பலாப்பழக் காலத்தில் ஒருநாள் அவளும் எங்களோடு சந்தைக்குக் கிளம்பினாள். பழங்களை ஏற்றும்போதே டிரைவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, ஒன் வூட்டு வண்டின்னு நெனப்பா? நாத்தம் தாங்கல. எல்லாத்தையும் தூக்கினு பின்னாடி போ."

அம்மா வாயெடுப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"பழம் நாறல. ஒன் வாய்தான் நாறுது. அத்த மூடினு வண்டிய ஓட்டு."

ஜீப்பே சிரித்தது. நான் கை தட்டினேன். அவர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி எங்கள் மூவரையும் இறங்கச் சொன்னார். சிரித்தவர்களில் ஒருவர்கூட எங்களுக்காகப் பேசவில்லை.

பழங்களைச் சுமந்துகொண்டு, வந்த வழியே வெயிலில் ஏறினோம். அக்கா குனிந்து குனிந்துதான் அந்த ஆள் இப்படி ஆனான் என்று சித்தி வழியெல்லாம் திட்டினாள். அம்மா பழத்தைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை, இருந்ததிலேயே நல்ல பழமாக ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா அவர் வீட்டுக்கே போனாள்.

"தங்கச்சி ஏதோ பேசிட்டா. மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

அவர் பழத்தைத் தட்டிப் பார்த்து, பழுத்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். அதற்கும் அம்மா தலையாட்டினாள். நான் அவளோடு பேசுவதை விட்டேன். விஷயம் தெரிந்து சித்தியும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை அந்த ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. வலியில் முனகிய அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். சித்தி ஓடிவந்து என்னோடு ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டு பாழாகிறது, இந்தச் சேற்றில் எவன் ஓட்டுவான் என்று அடிவாரம் வரை டிரைவர் கத்திக்கொண்டே வந்தார். சித்தி அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்தாள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான்.

அம்மாவுக்குத்தான் ரோஷம் இல்லை, சித்திக்கும் போய்விட்டதே என்று அன்று எரிச்சலாக இருந்தது. எங்கள் ஊரில் ஆம்புலன்ஸைக் கூப்பிட டவர் கிடைக்காது. கூப்பிட்டாலும் அந்த மழையில் மேலே ஏறி வராது. பழத்தைச் சுமந்துகொண்டு போன காலையிலேயே தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அவள் அந்த ஆளை மன்னித்தாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மன்னிக்கவோ திருப்பிக் கொடுக்கவோ ஒருத்திக்கு முதலில் இன்னொரு ஜீப் வேண்டும் என்பது மட்டும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.