குணம் அண்ணையின் வால்ட்ஸ்

குணம் அண்ணை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம்... இன்னும் நம்பமுடியவில்லை.

கனடாவில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு வேர்ஹவுஸில் பதினொரு வருடம் ஒரே மேசையில் பெட்டி கட்டினோம்.

லஞ்ச் பிரேக்கில் சோற்றுப் பெட்டியைத் திறந்ததும், போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து வால்ட்ஸ் நடனப் படம் பார்ப்பார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். பெரிய மண்டபம், வயலின், ஜோடி ஜோடியாகச் சுற்றிச் சுற்றி ஆட்டம்.

கனடா வந்த புதிதில், அஹுன்ட்சிக் பக்கம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார மடாம் கூப்பிட்டு வைத்துக் காட்டிய பழக்கம். படத்தின் மொழி அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"என்னண்ணை, ஒரு சண்டைக் காட்சியும் இல்லையோ?"

"இருக்கடாப்பா. புருசன் பெஞ்சாதி கோவிப்பினம். பாட்டு முடிய ராசியாகிடுவினம். வேற என்ன வேணும்?"

ஆள் இல்லாத நேரம் ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு பழகுவார். ஒண்டு, ரெண்டு, மூண்டு... சேப்டி பூட்ஸோடு! விழுந்து விழுந்து சிரிப்போம். மனிதருக்குக் கோபமே வராது.

டொலார்ட் பக்கம் ஒரு ஹோலில் அவருடைய அறுபதாவது பிறந்தநாள். மியூசிக் நான்தான். ஒரு யுஎஸ்பி ஸ்டிக் தந்தார்.

"கேக் வெட்டினாப் பிறகு இதில இருக்கிற வால்ட்ஸைப் போடு தம்பி. நானும் மனிசியும் ஒருக்கா ஆடவேணும்."

ஹோல் நிறைய நம்முடைய சனம். அவரைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றுதான் பயம்.

"ஸ்டிக் வேலை செய்யேல்லை அண்ணை" என்றேன். குத்துப் பாட்டொன்றைப் போட்டேன்.

மனைவி சாந்தி அக்காவின் கையைப் பிடித்தபடி நடுவில் நின்றார். மெதுவாக விட்டார். "பரவாயில்லையடாப்பா, பேந்து பாப்பம்."

திங்கட்கிழமை எனக்கென்று கேக் துண்டொன்று கட்டிக்கொண்டு வந்தார். எப்படி விழுங்கினேனோ...

இன்று காலை சாந்தி அக்காவே போன் எடுத்தார். செய்தி சொல்லி, அழுது, பிறகு கேட்டார்.

"தம்பி, அந்த ஸ்டிக் உன்னட்டத்தானே கிடக்கு? ஞாயிறு அவற்றை உடலைப் பார்வைக்கு வைக்கேக்க ஒருக்காப் போட்டுவிடு."

"அக்கா, அது அண்டைக்கு..." என்று இழுத்தேன்.

"அது பழுதில்லை எண்டு அவருக்குத் தெரியும். பொடியன் சனத்துக்கு வெக்கப்பட்டிட்டான் எண்டு காருக்குள்ளை சொல்லிச் சிரிச்சவர். வீட்டை வந்து பேஸ்மென்டில ஆடினனாங்கள்... ஆனா அவருக்கு எல்லாருக்கும் முன்னால ஆடத்தான் ஆசை."

ஐயோ அண்ணை... ஒரு சொல் ஏசியிருக்கலாமே.

ஸ்டிக் என் பையில்தான் இருக்கிறது. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். நல்லாய் வேலை செய்கிறது.

ஞாயிறு கொண்டு வாறன் அண்ணை. சத்தமாப் போடுறன்.