வெள்ளைத் துணிக்கு ஒரு விளக்கு

மலாயாவை வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கிள்ளானில் ஒரு பழைய மாளிகையில் கைவினைக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், விளக்குப் போடு என்று பிரிக்பீல்ட்ஸ் மின்சார இலாகாவிலிருந்து என்னை அனுப்பினார்கள். மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலையை நான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். என் மனைவி பூவேலை செய்த மேசைத்துணி ஒன்று அங்கே வரவிருந்தது.

அவள் அப்போது சுங்கை பூலோவில், தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தாள். பார்க்கப் போனால் நடுவில் ஒரு மேசை இருக்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், நீட்டக் கூடாது.

“பேரெல்லாம் போட மாட்டாங்க. நாலு பேரு கண்ணுல படுற மாதிரி பாத்துக்குங்க,” என்றாள்.

எனக்கு வேறொரு ஆசையும் இருந்தது. விற்காமல் மிஞ்சுவதை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கண்காட்சிக்குக் கணக்கு எழுதும் கிராணி சொல்லியிருந்தார். அந்தத் துணி வீட்டுக்கு வர வேண்டும். நோய்க்குப் பயந்து வெந்நீரில் அவித்துத்தான் அனுப்புவார்கள், அவள் வாசனை இருக்காது. பரவாயில்லை.

பழைய உத்தரத்தில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது கண்காட்சி நடத்தும் துரையின் உத்தரவு. அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி வருவதற்கு முன், ஆள் கயிறு இழுத்து வீசும் பங்கா என்ற துணி விசிறி தொங்கிய கொக்கிகளும் கயிறு ஓடும் கப்பிகளும் அப்படியே இருந்தன. அவற்றிலேயே கயிறு கட்டி விளக்குகளைத் தொங்கவிட்டேன். இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும், பக்கவாட்டிலும் நகரும். நாளைக்கு வேறு கண்காட்சி வந்தாலும் சுவரைத் தொட வேண்டாம்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு விளக்கு என்றால் கோயில் திருவிழாதான். எல்லாப் பல்பையும் உச்சியில் ஏற்றி எரியவிட்டேன்.

“என்ன அண்ணே, இங்க சாமியா பொறப்படுது? துரை கண்ணைக் கசக்கிட்டுப் போறாரு லா,” என்றார் கிராணி.

அவர் கேலி செய்தது உறைக்கவில்லை. அவள் துணி வெறும் துணியாகக் கிடந்ததுதான் உறைத்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். அத்தனை வெளிச்சத்தில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

பாதி விளக்குகளை அணைத்து, ஒன்றைக் கீழே இறக்கினேன். அது துணிக்குப் பக்கவாட்டில் வந்ததும் ஒவ்வொரு நூலுக்கும் நிழல் விழுந்தது. எங்கள் வீட்டு வாசலில் அவள் போடும் கோலம் எழுந்து வந்தது. என் சைக்கிள் நிற்கும் மூலையை விட்டுவிட்டுத்தான் எப்போதும் போடுவாள். துணியிலும் அந்த மூலை காலியாக இருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன்.

கடைசி நாள் மாலை ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். போய்விட்டுத் திரும்பவும் வந்தார். கயிறு என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் மேலே இழுத்திருந்தால் கோலம் மறைந்திருக்கும், துணி எனக்குக் கிடைத்திருக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

“அந்த மூலையை ஏன் முடிக்கலேன்னு கேக்குறாங்க,” என்றார் கிராணி.

“முடிச்சதுதான்னு சொல்லுங்க.”

அம்மாள் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை சுங்கை பூலோ போனபோது சொன்னேன். “வித்துடுச்சா?” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“வாசல்ல இப்ப யாரு கோலம் போடுறா?”

“யாரும் இல்ல.”

“சைக்கிள்?”

“அந்த மூலையிலதான் விடுறேன்,” என்றேன்.