கவரைப்பேட்டை குடோனில் பனிக்கப்பலின் இரண்டாம் பாகம்

அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மருமகள் செல்வி, ஆட்டோக்காரர் பாஸ்கர், பழைய பேப்பர் குடோன் மேஸ்திரி ஏகாம்பரம், அங்கே தாள் பிரிக்கும் விஜயா. யார் எங்கே நின்றார்கள் என்பதுகூட மறக்கவில்லை.

வடதுருவம், தென்துருவம் போனவர்களைப் பற்றிய பழைய இங்கிலீஷ் புத்தகங்களைச் சேர்க்கிறேன். பதினொன்று இருக்கின்றன. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. செல்விதான் படித்து அர்த்தம் சொல்லுவாள். ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இறால் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒரு நாள் பார்க்காமல் குளிர் அறையை வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தேன். அதிலிருந்து, பனியில் மாட்டியவர்கள் கதை என்றால் முடிவு தெரிந்தாக வேண்டும் எனக்கு.

கடைசியாகக் கிடைத்தது ஒரு முதல் பாகம். கப்பல் பனியில் இறுகி, இருபத்துமூன்று பேர் அதற்குள் உட்கார்ந்திருப்பதோடு முடிகிறது. சமையல்காரனுக்குக் கால் கருத்துப்போயிருந்தது. திரும்பினார்களா இல்லையா? பத்து மாதம் இதே கவலை. போன புதன்கிழமை ஏகாம்பரம் போன் செய்தார். அதே கப்பல் படம் போட்ட இன்னொரு புத்தகம் வந்திருக்கிறதாம். வியாழன் பதினொரு மணிக்கு லோடு காகித ஆலைக்குப் போய்விடும். போனால் கூழ்தான்.

திருவள்ளூரில் காலை 6.10 மின்ரயில். சென்ட்ரலில் இறங்கி 7.55 கும்மிடிப்பூண்டி வண்டி. டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். பொன்னேரியில் வண்டி இருபத்தைந்து நிமிடம் நின்றது. செல்வியிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். கவரைப்பேட்டையில் இறங்கும்போது 9.40.

குடோன் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 180 ரூபாய். பாஸ்கர் சுற்றிப் போகாமல் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கமாக விட்டார். இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் நேராக முகத்துக்கு வந்தன.

"இன்னாத்துக்கு ஆயா கம்பிய இப்டி புடிச்சிக்கினு கீற? கண்ண மூடிக்கோ."

"நான் மூடிக்கினா நீயும் மூடிக்குவ. ரோட்டப் பாரு நைனா."

குடோனில் தாள் கட்டுகள் நாலு ஆள் உயரத்துக்கு நின்றன. விஜயா சிரித்துக்கொண்டே புத்தகத்தை நீட்டினாள். அட்டை இல்லை. அட்டை கலந்தால் ஆலையில் லோடைத் திருப்பிவிடுவார்கள் என்பதால், அங்கே எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் அட்டையைத்தான் உரிப்பார்கள்.

"ஆயா தூக்கிக்கினு போவணுமே, பாரம் கம்மியா இருக்கட்டும்னு உரிச்சி வச்சேன்க்கா" என்றாள் செல்வியிடம்.

செல்வி கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு படகுகளைத் தயார் செய்கிறார்கள், அவ்வளவுதான். மீதி அட்டையோடு போயிருந்தது. உரித்த அட்டைகள் கிடந்தது இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சந்தில். ஒரு அடுக்கு சாய்ந்து நின்றது.

"அதுக்குள்ள யாரும் போவ மாட்டோம்மா. அட்டைய வெளிய நின்னுதான் வீசுவோம்" என்றார் ஏகாம்பரம்.

"பத்து மாசமா தெனமும் எங்கிட்டதான கேக்குறாங்க. நான் போறேன்" என்று செல்வி குனிந்து உள்ளே போய்விட்டாள்.

மேலே ஒரு கட்டுக் கம்பி 'டிங்' என்று அறுந்தது. ஒரு புத்தகத்துக்காகப் பிள்ளையின் பெண்டாட்டியை அனுப்பிவிட்டேனே என்று சந்தின் வாயிலேயே நின்றேன். ஏழு நிமிடம். பச்சை அட்டையோடு வெளியே வந்தாள், முழங்கையில் ரத்தம். அட்டையில் ஐந்து தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"படிக்கவா அத்தே?"

"இரு" என்று தண்ணீர் குடித்தேன். பயம் அப்போதும் விடவில்லை. பிறகு தலையாட்டினேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். போனிலேயே "அட்டையை உரிக்காதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கம்பி குத்தும், ஷூ போடுங்கள். நாற்பது ரூபாய் அதிகம் கொடுத்து ஆட்டோவைச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். சாய்ந்த அடுக்கின் பக்கம் யாரையும் விடாதீர்கள். எந்தப் புத்தகமும் அதற்குப் பெறாது.

விஜயாமேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனசு, கைப்பழக்கம். திரும்பும்போதும் எதிர்ப்பக்கமாகவே ஓட்டிய பாஸ்கரை ஒரு வருடம் கழித்து மன்னிப்பேன்.

இருபத்திரண்டு பேர் ஊர் திரும்பினார்கள். சமையல்காரனிடம் ஒரு விளக்கும் ஏழு நாள் ரொட்டியும் கொடுத்து, படகு திரும்பி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். படகு திரும்பவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் தனக்குக் கிடைத்த விருந்தைப் பற்றி எழுதியவன்தான் அந்தக் கப்பலின் தலைவன். அவனை மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் கேப்டன் பெல்வுட்.