மில் வளைவும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரரை ஆபீஸ்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "கட்டம்"னுதான் சொல்வாங்க. போக்குவரத்து போலீஸ் ஆபீஸ்ல விபத்துப் பாரம் நிரப்புறது அவர் வேலை, பாரம் முழுக்கக் கட்டம். யார் மேல யார் மோதினாங்க, மழையா வெயிலா, எத்தனை பேர் செத்தாங்க, எல்லாத்துக்கும் ஒரு கட்டம். இருபத்து நாலு வருஷமா அதுக்குள்ளயே குடித்தனம் பண்றார். கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கும். அதைப் பார்த்துதான் எங்கப்பா பொண்ணு கொடுத்தார். அந்தக் கதையை விடுங்க.

பாரத்தோட கடைசிப் பக்கத்துல "விபத்துக்குக் காரணம்"னு ஒரு வரி, அதுக்கு ஆறு கட்டம். முதல் கட்டம் ஓட்டுநரோட கவனக்குறைவு. நாலாவது கட்டம் ரோட்டோட குறை. முதல்ல டிக் போட்டா அன்னைக்கே வேலை முடிஞ்சுது. நாலாவதுல போட்டா வந்துச்சு வினை. ரோட்டை அளந்து படம் வரையணும், ஃபோட்டோ ஒட்டணும், ரோடு துறையிலேர்ந்து கடிதம் வாங்கணும். "ஆமாங்க, எங்க ரோடுதான் ஆளைக் கொன்னுச்சு"ன்னு அவங்க எழுதிக் கொடுப்பாங்களா? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க யாருக்கு மனசு வரும்?

சேர்ந்த முதல் வருஷம் இவர் ஒரே ஒரு தடவை நாலாவது கட்டத்துல டிக் போட்டார். இடம் மில் வளைவு. மூடிக் கிடக்கிற நூல் மில்லோட சுவரை ஒட்டி ரோடு சட்டுன்னு திரும்பும். திரும்புற இடத்துல ரோடு உள்பக்கமா சாஞ்சிருக்கணும், அப்பதான் வண்டி ரோட்டுல நிக்கும். அது வெளிப்பக்கமா சாஞ்சு கிடக்கு. மில் சுவர்லேர்ந்து கசியற தண்ணி வேற ரோட்டுல பரவி நிக்கும். மெதுவா வந்தவனையும் அது பிடிச்சு வெளியே தள்ளும். இவர் அதை அளந்து எழுதினார். அந்த பைல் எட்டு மாசம் ஊரைச் சுத்திட்டு, ஒட்டின ஃபோட்டோ கூட உதிர்ந்து திரும்பி வந்துச்சு. இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, "நீ என்ன எஞ்சினியரா?"ன்னு கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லும்போது இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க பொண்ணு அப்போ என் வயித்துல ஏழு மாசம். நான்தான் சொன்னேன், "ஊரோட ஒத்துப் போங்க. நீங்க ஒருத்தர் டிக் போட்டா ரோடு நிமிர்ந்துடுமா?"

ஒத்துப் போனார். நான் சொன்ன எதையும் அவ்வளவு ஒழுங்கா அவர் கேட்டதே இல்ல. கை வலிக்குதுன்னு "ஓட்டுநரின் கவனக்குறைவு"ன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்பே செஞ்சு வெச்சுக்கிட்டார். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வீடு. நானும் தையல் மெஷினை விட்டு எழுந்து ரெண்டு பேருமா டீ குடிப்போம். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஒரு குழு வந்துச்சு. நாடு பூரா ரோட்டுச் சாவைப் பாதியாக் குறைக்கணும்னு திட்டமாம். கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு எஞ்சினியர் அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து இவர் எழுதின பாரத்தை எல்லாம் படிச்சு, ஊர் வரைபடத்துல சாவுக்கு ஒரு புள்ளின்னு சிவப்பா வெச்சாங்க. மில் வளைவுல மட்டும் பதினேழு புள்ளி. ஆனா மூணு வருஷத்துக்குள்ள ரோட்டால மூணு சாவுன்னு பதிவு இருந்தாத்தான் ஒரு இடத்தைத் தோண்டிச் சரி பண்ணுவாங்களாம். இங்க பதினேழுமே முதல் கட்டம். முதல் வருஷத்துப் பாரத்தைக் கூட இன்ஸ்பெக்டர் அடிச்சு மாத்த வெச்சிருந்தார். கடைசி நாள் அந்த அம்மா இவர் கையைக் குலுக்கி, "உங்க பதிவு மாதிரி சுத்தமா நான் எங்கயும் பார்த்ததில்ல சார். இந்த ஊர்ல ரோடு பரவாயில்ல, ஓட்டுறவங்கதான் சரியில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வளைவுல "கவனமாகச் செல்லவும்"னு ஒரு போர்டு வந்துச்சு.

அன்னைக்கு இவர் சாப்பிடல. பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். "பதினேழு பேரு. அத்தனை பேரையும் நான் குற்றவாளி ஆக்கி அனுப்பிச்சிருக்கேன்"னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இத்தனை வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த அம்மா எதிர்லயே உட்கார்ந்திருந்தாங்களே, சொல்லித் தொலைச்சிருக்கலாமே"ன்னு கத்தினேன். யார் சொல்லி ஒத்துப் போனேன்னு அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். கேட்கல, பாவி மனுஷன்.

எங்க பொண்ணு பேக்கிங் கம்பெனியில வேலை பார்க்குறா. தினமும் ஸ்கூட்டர்ல அந்த வளைவைத் தாண்டித்தான் போகணும். "அங்க வண்டியை யாரோ பக்கவாட்டுல பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குப்பா"ன்னு சேர்ந்த புதுசுலயே சொன்னா. "மெதுவாப் போம்மா"ன்னு அவளுக்கும் முதல் கட்டத்தையே போட்டார் அவங்கப்பா.

நான் கத்தின மறுநாள் இவர் உட்கார்ந்து அந்த எஞ்சினியர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்டாம்ப் செஞ்சது வரைக்கும் ஒண்ணு விடாம எழுதினார். "வேலை போனாலும் போகட்டும்"னார். "போகட்டும், நான் தைச்சுப் போடறேன்"னு நானும் சொன்னேன். கல்யாணமாகி அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே பேச்சுல இருந்தோம்.

வேலை போகல. பத்து நாள் கழிச்சு அந்த அம்மா போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டார், நானும் பக்கத்துல நின்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சோம். தன்மையாத்தான் பேசினாங்க.

"முடிஞ்ச பாரத்தைத் திருத்த முடியாது சார். அதை வெச்சு கோர்ட்ல தீர்ப்பு ஆயிருக்கு. சில டிரைவருங்க ஜெயிலுக்கே போயிட்டு வந்துட்டாங்க. நான் நேர்ல வந்து அளந்தாலும் பதிவு இல்லாம மேல அசைய மாட்டாங்க."

"அப்போ நான் என்னதான் மேடம் பண்றது?"

"இனிமே வர்றதைச் சரியா எழுதுங்க. மூணு வந்துட்டா நானே நின்னு அந்த வளைவை வெட்டிப் போடறேன்."

"மூணுன்னா?"

"மூணு உயிர் சார்"னாங்க. அவங்களுக்கே சொல்லக் கூசியிருக்கும். போனை வெச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் இந்த மனுஷன் சும்மா இருக்கல. ரோடு துறைக்கு அலைஞ்சார், சரி பண்ற பட்டியல்ல இல்லாத இடத்துக்கு ஒரு லோடு மண்ணு கூடத் தர முடியாதுன்னுட்டாங்க. சுண்ணாம்பு அடிச்ச கல்லை வரிசையா வளைவு ஓரம் வெச்சார், போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு அவர் ஆபீஸ் ஆளுங்களே வந்து அள்ளிக்கிட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை துடைப்பமும் கையுமா போய் தண்ணியைத் தள்ளிட்டு வருவார், திங்கக்கிழமை அது மறுபடி நிக்கும். பொண்ணைச் சுத்து வழியில போகச் சொன்னோம். ஒரு வாரம் போனா. "தினம் முக்கால் மணி நேரம் முன்னாடி கிளம்பணும்பா, என்னால முடியல"ன்னு பழைய வழிக்கே வந்துட்டா. மூணு கணக்கை நாங்க அவ கிட்டச் சொல்லல. எந்த வாயால சொல்றது?

நாலு மாசம் ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காத ஒவ்வொரு நாளும் சந்தோஷப்படணும்தானே? இவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டும்போது நான் மூஞ்சியைப் பார்ப்பேன். இல்லன்னு தலையாட்டுவார். அதுல எனக்கு நிம்மதியா ஏமாத்தமான்னு எனக்கே பிடிபடாமப் போச்சு.

போன செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. எட்டு மணிக்கு சட்டை மாத்த வீட்டுக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. மில் வளைவுல செத்தவர் பேக்கரி வேன் ஓட்டுறவராம், முப்பத்தஞ்சு வயசாம். வேன் மெதுவாத்தான் வந்திருக்கு, டயர் தடத்தை இவரே அளந்து பார்த்திருக்கார். படம் வரைஞ்சு, ஃபோட்டோ எடுத்து, புது இன்ஸ்பெக்டர் கிட்ட சண்டை போட்டுக் கையெழுத்தும் வாங்கிட்டார்.

"நாலாவது கட்டத்துல போட்டுட்டேன்"னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்துல ஒரு தெளிவு. இருபத்து நாலு வருஷத்துல நான் பார்க்காத தெளிவு.

"அப்பாடா. இன்னும் ரெண்டுதானே"ன்னேன்.

சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சது. அந்தப் பேக்கரிக்காரர் வீட்டுல ஒருத்தி அந்நேரம் தலையில அடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருப்பா. நான் இங்க நின்னு மிச்சத்தை எண்ணிக்கிட்டிருக்கேன். இவர் என்னைப் பார்த்தார். என்னைக் கோவிச்சுக்கிற தெம்பு கூட அவர் கிட்ட இல்ல, ஏன்னா வழி பூரா அவரும் அதையேதான் எண்ணிக்கிட்டு வந்திருக்கார்.

பொண்ணு உள்ளேர்ந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்தா. "எதும்மா இன்னும் ரெண்டு?"ன்னு கேட்டா.

இவர் சட்டைப் பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சார், நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவ ஒரு நிமிஷம் பார்த்துட்டு, நேரமாச்சுன்னு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்துட்டா.