பிந்தி விழிக்கும் பெட்டி

என் அண்ணி புருலைப் பற்றி எங்கள் மலையூர் ஆட்பாஷியில் பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு கதை வரும். சந்தையில் செல்போன் பழுது பார்ப்பவள். வாய் நீளம். உலர்ந்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஊர் ஆம்பளைகளை ஒரு பாட்டம் திட்டினால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

என் அண்ணன் ஷர்ஷென் மலைக்காவலுக்குச் சேர்ந்தபோது, பனிச்சிறுத்தைகளைப் படமெடுக்கக் கேமரா செய்துகொடுத்தவளும் அவள்தான். யாரோ தூக்கிப்போட்ட கேமரா, வாசல் விளக்கிலிருந்து பிடுங்கிய சென்சார், மோட்டார் சைக்கிள் பேட்டரி, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் திணித்துவிட்டாள். ஒரே குறை, அசைவு தெரிந்தபின் அது கண் விழிக்க நாலைந்து வினாடி ஆகும். அதற்குள் சிறுத்தை போய்விடும், வால்தான் படத்தில் விழும்.

"வாலாவது விழுதே. உங்கண்ணனுக்கு அதுகூடக் கண்ணுல படாது" என்பாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

போன இலையுதிர் காலத்தில் அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்க்கக் கணவாய்க்குப் போனான். அன்றே பனி வந்து பாதையை அடைத்துவிட்டது. அவனும் வரவில்லை, குதிரையும் வரவில்லை. தேடப் போனவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். குளிர்காலம் முழுக்க ஊர் வாய் சும்மா இருக்குமா? குதிரையை விற்றுவிட்டு மாஸ்கோவுக்கு ஓடிவிட்டானாம், அங்கே ஒருத்தி இருக்கிறாளாம். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும்.

வசந்தத்தில் பாதை திறந்ததும் அண்ணி மேலே போய்ப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றிவிட்டு வந்தாள். அடுத்த முறை போனபோது படங்களை எடுத்துவந்தாள். எல்லாம் விடியும் நேரத்துப் படங்கள். எல்லாவற்றிலும் வெறும் பாறை இடுக்கு.

"காத்தா இருக்கும், அண்ணி."

"காத்துக்கெல்லாம் அது முழிக்காதுடி. அவருதான் போறாரு. பொட்டி முழிக்கறதுக்குள்ள தாண்டிடறாரு."

"உயிரோடவா?"

"அத நான் கேக்கல" என்றாள். அன்றிலிருந்து அவனுக்கும் ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி வைத்தாள்.

சரணாலய அலுவலகத்துத் தாலாய் கடையில் வாங்கிய புதுக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். "கண்ணு இமைக்கறதுக்குள்ள எடுத்துடும் அக்கா. அந்தப் பழசக் கழட்டிடுங்க."

"இத உன் ஆபீஸ் வாசல்ல மாட்டு. நீ எத்தன மணிக்கு வேலைக்கு வரேன்னு தெரியட்டும்."

அவன் பெட்டியை வைத்துவிட்டு ஓடினான். எனக்கு அண்ணியின் மனசு புரிந்தது. மெதுவான பெட்டி இருக்கிறவரை அண்ணன் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருப்பான். வேகமானது வந்தால் தெரிந்துவிடும். புரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"ஓடிப்போனானா செத்தானான்னு தெரியாம என்னால சோறு திங்க முடியல. உங்களுக்குப் பேயே போதும்னா வச்சுக்குங்க. எனக்குப் போதாது."

அண்ணி தாலாய் வைத்துவிட்டுப் போன பெட்டியை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "நீயே போய் மாட்டு. என் பொட்டிய மட்டும் கழட்டாத" என்றாள்.

மேலே போய் அவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சில நாள் கழித்து இருவரும் போனோம். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அண்ணி இரண்டிலும் விழுந்திருந்த படங்களைப் பார்த்தாள். அவள் பெட்டியில் அதே வெறும் பாறை. கடைப் பெட்டியில் அண்ணனின் சாம்பல் குதிரை. விலா எலும்பு தெரிய, சேணம் வயிற்றுக்கடியில் சரிந்து தொங்க, கடிவாளத்தோடு நடந்துபோகிறது. ஒவ்வொரு விடியலிலும் வலப்பக்கத்து ஓடைச் சரிவுக்குள்தான் இறங்குகிறது.

குதிரையை விற்கிறவன் சேணத்தை மட்டுமல்ல, கடிவாளத்தையும் கழற்றி வைத்துக்கொள்வான். கொடுத்தால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பார்கள். அதைச் செய்யாத மடையன் எங்கள் பக்கம் பிறக்கவில்லை. அண்ணன் ஓடிப்போகவில்லை. பாவி எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. குதிரை யாரைத் தேடி அங்கே இறங்குகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சரிவின் அடியில் இன்னும் ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தது.

அண்ணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"வீட்ல எண்ணெய் இருக்காடி?" என்றாள்.

செத்தவர்களுக்கு எங்கள் வீடுகளில் எண்ணெயில் ரொட்டி பொரிப்போம், அந்த மணம் அவர்களைப் போய்ச் சேரும். உயிரோடு இருப்பவன் பெயரில் பொரிக்கக் கூடாது.

"இருக்கு, அண்ணி" என்றேன்.