நாலாம் டோக்கன்

எங்கள் சித்தி பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது, பேசியவர்கள் பட்டியலில் தன் பெயரையும் எழுதி டீச்சரிடம் நீட்டினாள். மற்றவர்களைப் "பேசாதே" என்று அதட்டியதும் பேச்சுதானாம்.

இப்போது நாற்பது வயதில், பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். யார் கெஞ்சினாலும் வரிசை வரிசைதான். போன வாரம், கன்னம் வீங்கி விசும்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு முப்பத்தோராம் எண் வந்தது. சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போனாள். பல் சுத்தம் செய்துகொள்ள வந்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் கையிலிருந்து நாலாம் டோக்கனை உருவி, சிறுமிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார் சித்தப்பா.

"கேட்டா முடியாதுன்னு சொல்லுவீங்க. அப்புறம் நான் சட்டப்படி நடக்க வேண்டியிருக்கும்."