ரிப்பீட்டரில் ஒரு பல்லி

எங்கள் ரிப்பீட்டரில் பல்லி குடிவந்துவிட்டது என்று முதலில் சொன்னவர் தென்காசி ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் அன்று காலை மழையைப் பற்றி ஏதோ அளந்துகொண்டிருந்தார். பேசி முடித்ததும் ரேடியோ செட்டில் “டக்... டக்” என்று ஒரு சத்தம். “பாத்தியளா, பல்லி சொல்லிட்டு. நான் சொன்னது நெசம்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பெயர் பல்லி.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அரசாங்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டில் செட் வைத்துப் பேசுகிறவர்கள். தினமும் காலையில் ஒருவர் பின் ஒருவராக வந்து வணக்கம் சொல்லுவோம். சிவகிரியில் மழை உண்டா, செங்கோட்டையில் கரண்டு இருக்கிறதா என்பதைத் தாண்டி பெரிய ரகசியம் எதுவும் பேசுவதில்லை. செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தூண்டில் போடுகிறவனிடம் போய், மீன்தான் சந்தையில் கிடைக்குமே என்று யாராவது கேட்கிறார்களா? எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஊர்ப் பெயர்தான் எங்களுக்குள் பெயர். நான் மேலகரம். ஜவுளிக்கடை அண்ணாச்சி தென்காசி. எங்கள் எல்லாரையும் சேர்த்துவைப்பது குற்றாலத்துக்கு மேலே, ஒரு கிராம்புத் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் ரிப்பீட்டர். நம் கையடக்க செட்டின் மெலிந்த குரலை அது ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் உரக்கச் சொல்லும். அதற்குக் காதும் வாயும் ஒரே ஆண்டெனாதான். உரக்கக் கத்திக்கொண்டே அடுத்தவர் முணுமுணுப்பையும் கேட்க வேண்டும் என்றால் லேசா? தன் சத்தத்துக்குத் தன் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்கு ஆறு செம்பு உருளைகள். தென்காசியில் ஒரு பாத்திரப் பட்டறையில் நானே அருகில் நின்று அடிக்கச் சொன்னவை, முழங்காலைத் தாண்டும் உயரம். எந்தக் கோயிலுக்கு என்று பட்டறையில் கேட்டார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு கம்பி உண்டு. அதை நூல் அளவு ஏற்றி இறக்கிச் சரியான இடத்தில் நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த ரிப்பீட்டர் எனக்குப் பொழுதுபோக்கு. வடகரை அண்ணாச்சிக்கு அப்படி இல்லை. தென்னையும் வயலுமாக இருந்தவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. பார்வை போன பிறகுதான் காதால் படித்து, சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்துத் தேர்வு எழுதினார். அவரிடம் இருப்பது சின்னக் கையடக்க செட் ஒன்றுதான். “வெளியில போனா எல்லாரும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாவ. இங்கன ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது. எல்லாருமே கண்ணு தெரியாதவங்கதான்” என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அவர் வீடு மலையடிவாரத்தில் பள்ளத்தில் இருக்கிறது. ரிப்பீட்டர் இல்லாமல் அவர் குரல் தோட்டத்தைத் தாண்டாது.

அந்த அண்ணாச்சிதான் ஐப்பசியில் திடீரென்று காணாமல் போனார். தினமும் முதல் ஆளாக வணக்கம் சொல்லுகிறவர். இரண்டு நாள் பார்த்தோம், ஒரு வாரம் பார்த்தோம். வீட்டுக்குப் போன் போட்டேன். மகன் எடுத்தார். “அப்பா நல்லாருக்காவ. ரேடியோ முன்னாலதான் உக்காந்திருக்காவ” என்றார். பின்னால் வேலையாட்கள் சத்தம். அவசரத்தில் வைத்துவிட்டார்.

செட் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எங்களுக்கு ஓர் அர்த்தம்தான் தோன்றியது. யாரோ ஏதோ சொல்லிவிட்டோம், மனசு கோணிவிட்டது. யார், என்ன சொன்னோம் என்று காற்றிலேயே விசாரணை நடந்தது. “அவுகளுக்கு நம்ம மேல என்னமோ கோவம்” என்று தென்காசி அண்ணாச்சி சொல்லி முடிக்கவும் “டக்... டக்... டக்” என்றது பல்லி. “சரிதான், பல்லியும் சொல்லிட்டு” என்றார் அவர். நானும் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, பல்லி என்னை விடவில்லை. ரேடியோவில் எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மின்னல் என்றார்கள். வானம் வெளுத்த நாளிலும் பல்லி வந்தது. குரங்கு கேபிளைக் கடித்திருக்கும் என்றார்கள். குரங்கு காலையில் மட்டும்தான் கடிக்குமா? நான் கடையில் நாள் முழுக்க செட்டைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். மத்தியானம் பல்லி இல்லை, சாயங்காலமும் இல்லை. நாங்கள் கூடும் நேரத்தில் மட்டும், அதுவும் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் மட்டும் வந்தது. இவ்வளவு மரியாதை தெரிந்த கோளாறை நான் பார்த்ததில்லை. “கெடக்கட்டும்மா, பல்லி இருந்தா வீட்டுக்கு நல்லதுதான்” என்றார் தென்காசி அண்ணாச்சி. எனக்கு அப்படி விட முடியவில்லை.

கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு காலையில் கடையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு மேலே ஏறினேன். பாதை முழுக்க அட்டைப்பூச்சி. கொட்டகையைத் திறந்ததும் கண் கூசியது. கருத்துக் கிடந்த என் செம்பு உருளைகள் ஆறும் மினுமினு என்று இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு ரிப்பீட்டருக்கு மாலை போட்டுவிட்டு வருகிறேன் என்று தென்காசி அண்ணாச்சி ஏறிப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நானும் என் கடை மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்ததால் கூடப் போகவில்லை. குனிந்து பார்த்தேன். திருகு கம்பிகளின் மரையில்கூட அழுக்கில்லை. மனிதர் ஒவ்வொன்றாகக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டியிருக்கிறார்.

அங்கிருந்தே போன் போட்டேன். “ஆமா, நல்லாத் தேச்சேன். பழையபடியே மாட்டிட்டேம்மா” என்றார். “பழையபடின்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?” என்றேன். “ஆயுதம்னா தொடச்சுப் பொட்டு வைக்காண்டாமா?” என்று என்னையே கேட்டார். போனை வைத்தேன்.

கோளாறு இப்போது பாதி விளங்கியது. கம்பிகள் இடம் மாறிவிட்டதால் ரிப்பீட்டரால் தன் காதை அடைத்துக்கொள்ள முடியவில்லை. அது வாயைத் திறந்த நொடியில் அதன் காது செவிடு. எங்கள் பெரிய செட்டுகள் உரக்கப் பேசுவதால் அதையும் மீறி உள்ளே போய்விடுகின்றன. மெலிந்த குரல் என்ன ஆகும்? சரிதானா என்று பார்க்க, ஒலிபரப்பும் பகுதியை மட்டும் அணைத்துவிட்டு, கேட்கும் பகுதியின் சின்ன ஒலிபெருக்கியைத் திறந்தேன். காது மட்டும் இருக்கிற, வாய் இல்லாத ரிப்பீட்டர்.

எங்கள் கூட்டம் கூடும் நேரம். ஒலிபெருக்கியில் ஒரு குரல் தெளிவாக வந்தது.

“வடகரை. எல்லாருக்கும் காலை வணக்கம். எனக்குக் கோவம்னு பேசிக்கிடுதிய. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அந்தப் பல்லி நான்தான்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி, அதே நிதானத்தில் சொன்னார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. எத்தனை காலையாகச் சொல்லிச் சொல்லி அப்படி ஆனதோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொத்தானை அழுத்தியதும் ரிப்பீட்டர் விழித்துக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறது. திறந்ததும் செவிடாகி அவரைத் தொலைத்திருக்கிறது. வாயை மூடியதும் மறுபடி கேட்டிருக்கிறது. டக், டக், டக். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஒலிபரப்பைப் போட்டு, “அண்ணாச்சி, மேலகரம். நீங்க பேசுதது கேக்குது. கொட்டகையில இருக்கேன்” என்றேன். உடனே அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

“நெசமாவா?” என்றார்.

“நெசமாத்தான். உங்க செட்டுல ஒண்ணும் இல்ல. கோளாறு எங்ககிட்டதான்.” மறுபடி அணைத்தேன்.

இப்படிப் போட்டும் அணைத்தும் பேசினோம். எனக்கோ ஆற்றாமை. போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

“என் செட்டு அம்புட்டுத் தூரம்தான் எட்டுதுன்னு நெனச்சேம்மா. உங்ககிட்டச் சொன்னா, பாவம் கண்ணு தெரியாதவருன்னு ஒரு புது செட்ட வாங்கிட்டு வந்து நிப்பிய. இங்கனயும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகவான்னு விட்டுட்டேன்.”

எங்களைப் பற்றி அவர் நினைத்தது சரி. அப்படித்தான் செய்திருப்போம்.

பையிலிருந்து உள்ளங்கை அகல அளவுமானியை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கம்பியாக நூல் நூலாக நகர்த்தி, பழைய இடத்தைத் தேடிப்பிடித்து நட்டை இறுக்கினேன். பொட்டுகளை அழிக்கவில்லை. கோபம் இருந்தாலும் அதற்கு மனசு வரவில்லை. முடித்தபோது மத்தியானத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லாரையும் போனில் கூப்பிட்டு, செட்டுக்கு வரச்சொன்னேன். பல்லி யார் என்பதையும் சொன்னேன். தென்காசி அண்ணாச்சி கடையில் வாடிக்கையாளரை விட்டுவிட்டுச் செட்டுக்கு வந்திருந்தார்.

“வடகரை, சொல்லுங்க” என்றேன்.

“வடகரை. எல்லாருக்கும் வணக்கம். எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல.” ஒரு சொல்கூட உடையாமல் வந்தது.

தென்காசி அண்ணாச்சிதான் முதலில், “நல்லாக் கேக்குது அண்ணாச்சி” என்றார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதி கேட்காவிட்டாலும் மரியாதைக்கு “நல்லாக் கேக்குது” என்று சொல்லிவிடுவோம். வடகரை அண்ணாச்சிக்கு அது தெரியாதா?

“பேச்சுக்குச் சொல்லாதிய. நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

“உங்களுக்கு யார் மேலயும் கோவம் இல்லன்னு சொன்னிய.”

“ஆங்” என்றார் வடகரை அண்ணாச்சி. “அதத்தான் ஐப்பசியில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.”